‘நாட் கில்டி’ என்றால் ‘இன்னசென்ட்’ ஆகிவிடுமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஒரே வழக்கு, ஒரே தீர்ப்பு. அதை ஒரு ஆங்கிலச் செய்தித்தாள் ‘நாட் கில்டி’ என்கிறது, இன்னொன்று ‘இன்னசென்ட்’ என்கிறது, மூன்றாவது ‘அக்விட்டட்’ (வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டார்), வேறொன்று ‘க்ளியர்டு’, நம்மூர்ச் சேனல் ‘க்ளீன் சிட்’. எல்லாம் ஒன்றுதானா, மாற்றி மாற்றிப் போடலாமா, ‘தி கோர்ட் ஃபவுண்ட் ஹிம் இன்னசென்ட்’ என்று நீங்கள் எழுதியதை உங்கள் ஆசிரியர் ஏன் அடித்தார் என்று கேட்டிருக்கிறீர்கள்.

எல்லாம் ஒன்றில்லை, அவர் அடித்ததும் சரிதான். ‘இன்னசென்ட்’ ஓர் ஆள் எப்படிப்பட்டவர் என்று சொல்லும் சொல். மற்றவையெல்லாம் அவருக்கு என்ன நடந்தது என்று சொல்பவை. அவர் மேல் இருந்த ஏதோ ஒன்றை, ஏதோ ஒரு கட்டத்தில், யாரோ எடுத்துவிட்டார்கள். எடுத்தது போலீஸா, அரசு வக்கீலா, விசாரணை நீதிமன்றமா, மேல்முறையீட்டு நீதிமன்றமா, மன்னரா என்பதைப் பொறுத்துச் சொல் மாறும். இதைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும். மீதிப் பாதி ஆங்கிலம் பேசுகிறவர்கள் தங்களுக்குள்ளேயே குழப்பிக்கொண்டது.

முதலில் நீதிமன்றத்துக்குள் போவோம். ஆங்கிலச் சட்ட மரபில் ஜூரி, அதாவது பொதுமக்களிலிருந்து எடுத்த நடுவர் குழு, பதில் சொல்லவேண்டிய கேள்வி ‘இவர் செய்தாரா’ என்பதன்று. ‘இவர்தான் செய்தார் என்று அரசுத் தரப்பு நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபித்துவிட்டதா’ என்பதுதான். இல்லை என்றால் அந்தத் தீர்ப்பின் பெயர் நாட் கில்டி. ஆள் செய்யவே இல்லை என்று ஜூரி மனதார நம்பினாலும் இதே சொல். செய்திருப்பார் போலத்தான் தெரிகிறது, ஆனால் சாட்சியம் போதாது என்று நினைத்தாலும் இதே சொல். இரண்டையும் பிரித்துக் காட்ட அந்தத் தீர்ப்பில் இடமே கிடையாது.

இன்று இது பாலபாடம். ஆனால் 1935 வரை இங்கிலாந்திலேயே இது இவ்வளவு தெளிவாக இருக்கவில்லை. டார்செட் பக்கம் ரெஜினால்ட் வுல்மிங்டன் என்று 21 வயதுப் பண்ணைத் தொழிலாளி ஒருவர். மனைவி கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். 1934 டிசம்பரில் வுல்மிங்டன் தன் முதலாளியின் துப்பாக்கியை எடுத்து, குழலை அறுத்துக் குட்டையாக்கிக்கொண்டு, சைக்கிளில் மாமியார் வீட்டுக்குப் போனார். துப்பாக்கி வெடித்தது, மனைவி இறந்துபோனார். ‘திரும்பி வராவிட்டால் செத்துவிடுவேன் என்று மிரட்டத்தான் கொண்டுபோனேன், அது தானாக வெடித்துவிட்டது’ என்றார் அவர். கொன்றது இவர் கை என்று தெரிந்துவிட்டால், அது விபத்துதான் என்று காட்டவேண்டியது இவர் பொறுப்பு என்று நீதிபதி ஜூரிக்கு விளக்கினார். மரண தண்டனை விழுந்தது. அப்போது கடைசி மேல்முறையீட்டு நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை அதை ரத்து செய்தது. குற்றத்தை நிரூபிப்பது அரசுத் தரப்பின் கடமை, இதுதான் ஆங்கிலக் குற்றவியல் சட்டம் முழுக்க ஓடுகிற தங்க இழை என்று சாங்கி பிரபு அப்போது சொன்னதை இன்றும் சட்டக் கல்லூரியில் ஒப்பிக்கிறார்கள்.

வுல்மிங்டன் வெளியே வந்தார். அவர் இன்னசென்டா? பிரபுக்கள் சபை அப்படிச் சொல்லவில்லை, சொல்லும்படி யாரும் கேட்கவும் இல்லை. உங்கள் வாக்கியத்தில் உள்ள சிக்கல் இதுதான். ‘ஃபவுண்ட் ஹிம் இன்னசென்ட்’ என்றால் நீதிமன்றம் தேடிப்பார்த்து ஒன்றைக் கண்டுபிடித்ததாக ஆகிறது. அது தேடவே இல்லை.

‘அப்படியானால் இன்னசென்ட் அன்டில் ப்ரூவன் கில்டி என்கிறார்களே’ என்று கேட்பீர்கள். அது வழக்கு தொடங்கும்போது எல்லோருக்கும் பொதுவாகக் கொடுக்கிற அனுமானம். நிரூபணம் வராவிட்டால் அந்த அனுமானம் அப்படியே நிற்கிறது, அவ்வளவுதான். ‘ப்ரிஸ்யூம்டு இன்னசென்ட்’ என்று எழுதலாம், தப்பே இல்லை. ‘ப்ரூவ்டு இன்னசென்ட்’ என்று எழுதினால்தான் வம்பு.

சரி, நீதிமன்றம் சொல்லாத சொல் தாள்களில் எப்படி இத்தனை காலம் ஓடியது? இதற்குப் பின்னால் அச்சுக்கூடத்துக் கவலை ஒன்று இருக்கிறது. ‘ஃபவுண்ட் நாட் கில்டி’ என்று செய்தி அனுப்புகிறீர்கள். அச்சுக் கோக்கும்போது ‘நாட்’ என்ற மூன்றெழுத்துச் சொல் விழுந்துவிட்டால் மறுநாள் காலையில் விடுதலையான ஆள் குற்றவாளி ஆகிவிடுவார், மதியத்துக்குள் வக்கீல் நோட்டீஸ் வந்துவிடும். அதனாலேயே அமெரிக்காவின் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் தன் நடைக் கையேட்டில் நெடுங்காலம் ‘நாட் கில்டி வேண்டாம், இன்னசென்ட் என்றே போடுங்கள்’ என்று எழுதி வைத்திருந்தது. காரணத்தையும் ஒளிவுமறைவு இல்லாமல் அதிலேயே சொல்லியிருந்தது: ‘நாட்’ தவறிப் போய்விடக் கூடாது. சட்டப்படி தவறான சொல் என்று தெரிந்தே, மானநஷ்ட வழக்குக்குப் பயந்து எடுத்த முடிவு. பிறகு கையேட்டை மாற்றினார்கள். இப்போது ‘நாட் கில்டி’தான் துல்லியம், ‘நாட்’ விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், முடிந்தால் ‘அக்விட்டட்’ என்று எழுதுங்கள் என்கிறது. எனக்கும் அந்தக் கடைசி யோசனைதான் பிடித்தது. ஒரே சொல், எதுவும் விழாது, அர்த்தமும் சரியாக இருக்கும்.

பழைய அமெரிக்கத் தாள்களில் ‘ப்ளீடட் இன்னசென்ட்’ என்று வருவதும் இந்த விதியின் எச்சம்தான். அப்படி ஒரு பதிலே நீதிமன்றத்தில் கிடையாது. கூண்டில் நிற்பவர் சொல்லக்கூடியது கில்டி அல்லது நாட் கில்டி. சில அமெரிக்க நீதிமன்றங்களில் ‘நோ கான்டஸ்ட்’ என்று மூன்றாவதும் உண்டு, அதாவது ஒத்துக்கொள்ளவும் இல்லை, எதிர்த்து வழக்காடவும் இல்லை.

அமெரிக்காவில் இதைவிட விசித்திரமான ஒன்றும் இருக்கிறது. 1970-இல் வட கரோலினாவைச் சேர்ந்த ஹென்ரி ஆல்ஃபோர்ட் என்பவர் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒத்துக்கொண்ட முறை. ‘நான் செய்யவில்லை, ஆனால் சாட்சியங்கள் எனக்கு எதிராக இருப்பதால் கில்டி என்று சொல்லிக்கொள்கிறேன்’ என்று ஒருவர் ஒரே மூச்சில் சொல்லலாம். ஆர்கன்சா மாநிலத்தின் வெஸ்ட் மெம்ஃபிஸ் ஊரில் 1993-இல் மூன்று சிறுவர்கள் கொல்லப்பட்ட வழக்கில், தண்டிக்கப்பட்ட மூன்று இளைஞர்கள் 2011 ஆகஸ்டில் 18 ஆண்டுச் சிறைக்குப் பிறகு வெளியே வந்தது இந்த வழியில்தான். அவர்களில் ஒருவர் மரண தண்டனைக் கைதி. கொலை செய்யவில்லை என்று சொல்லிக்கொண்டே கில்டி என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே நடந்தார்கள். அவர்களை ‘அக்விட்டட்’ என்றோ ‘எக்ஸானரேட்டட்’ (குற்றமற்றவர் என்று ஏற்கப்பட்டவர்) என்றோ எழுதினால் தவறு. ‘ஃப்ரீடு’, ‘ரிலீஸ்டு’ என்று மட்டும் எழுதலாம்.

கில்டி, நாட் கில்டி இரண்டுக்கும் நடுவில் ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்த நாடு ஸ்காட்லாந்து. அங்கே மூன்றாவதாக ‘நாட் ப்ரூவன்’ என்ற தீர்ப்பு பல நூற்றாண்டு நடப்பில் இருந்தது. சட்டப்படி அதுவும் முழு விடுதலைதான், தண்டனை இல்லை, நாட் கில்டிக்கும் அதற்கும் விளைவில் இம்மியும் வித்தியாசம் கிடையாது. ஊர்க்காரர்கள் காதில் மட்டும் அது ‘நீதான் செய்தாய் என்று எங்களுக்குத் தெரியும், நிரூபிக்க முடியவில்லை, போ’ என்று விழுந்தது. 1857-இல் கிளாஸ்கோவில் வசதியான குடும்பத்துப் பெண் மேடலின் ஸ்மித், தன் பழைய காதலருக்கு ஆர்சனிக் விஷம் கொடுத்துக் கொன்றதாக நடந்த வழக்கு இதற்குப் பேர்போனது. கொலைக் குற்றச்சாட்டுக்கு ஜூரி சொன்னது நாட் ப்ரூவன். வாழ்நாள் முழுக்க அந்தச் சொல் அவர் பின்னாலேயே போனது. நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் ஷெரிஃபாகவும் (அங்கே அது நீதிபதிப் பதவி) வேலை பார்த்தவர். அவர் அதற்கு முன்பே 1827-இல் தன் நாட்குறிப்பில் இந்தத் தீர்ப்பை ‘அப்பன் பேர் தெரியாத தீர்ப்பு’ என்கிற பொருளில் திட்டி வைத்திருக்கிறார். கடைசியில் 2025-இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் அதை ஒழித்துச் சட்டம் போட்டது. பழைய வழக்குகளைப் பற்றி எழுதும்போது மட்டும் ‘நாட் ப்ரூவன்’ என்பதை ‘நாட் கில்டி’ என்று திருத்திவிடாதீர்கள்.

தீர்ப்பின் சொல்லை மாற்றியே ஆகவேண்டும் என்று ஒரு மகாராணி பிடிவாதம் பிடித்த கதையும் உண்டு. 1882-இல் விண்ட்சர் ரயில் நிலையத்தில் ரோடரிக் மக்லீன் என்பவர் விக்டோரியா மகாராணியை நோக்கிச் சுட்டார். அவருக்கு மனநலம் சரியில்லை என்று ஜூரி ‘நாட் கில்டி, ஆன் தி கிரவுண்ட் ஆஃப் இன்சானிட்டி’ என்றது. மகாராணிக்குக் கோபம் வந்துவிட்டது. என்னைச் சுட்டதை எல்லோரும் பார்த்தார்கள், அப்புறம் எப்படி நாட் கில்டி? மறு ஆண்டே, 1883-இல், தீர்ப்பின் வாசகம் ‘கில்டி பட் இன்சேன்’ என்று சட்டத்தால் மாற்றப்பட்டது. 1964 வரை அப்படியே இருந்தது, பிறகுதான் பழையபடி ‘நாட் கில்டி பை ரீசன் ஆஃப் இன்சானிட்டி’ ஆனது. இந்த வகைத் தீர்ப்பு வந்தவரை ‘வாக்டு ஃப்ரீ’ என்று எழுதவே கூடாது. அமெரிக்க அதிபர் ரேகனைச் சுட்ட ஜான் ஹிங்க்லிக்கு 1982-இல் இதே தீர்ப்புதான் வந்தது. அதற்குப் பிறகு அவர் பல பத்தாண்டு மனநல மருத்துவமனையில் இருந்தார்.

உரிமையியல் வழக்கு வேறு கணக்கு. ஓ. ஜே. சிம்ப்சன் 1995 அக்டோபரில் கொலை வழக்கில் அக்விட்டட். அதே மரணங்களுக்காக இறந்தவர்களின் குடும்பத்தார் போட்ட இழப்பீட்டு வழக்கில் 1997-இல் ‘லையபிள்’, அதாவது இழப்பீட்டுக்குப் பொறுப்பாளி. முன்னதில் நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாத நிரூபணம் வேண்டும், பின்னதில் எந்தப் பக்கம் சாட்சியம் கனமாக இருக்கிறது என்று பார்த்தால் போதும். ஆகவே இரண்டு தீர்ப்பும் ஒன்றையொன்று வெட்டவில்லை. ‘சிவில் கோர்ட் ஃபவுண்ட் ஹிம் கில்டி’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

இனி தண்டனை விழுந்த பிறகு வெளியே வருகிறவர்கள். சொற்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான்.

மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனைத் தீர்ப்பை ரத்து செய்தால் பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ‘குவாஷ்டு’, அமெரிக்காவில் ‘வெக்கேட்டட்’ அல்லது ‘ஓவர்டர்ன்டு’. மூன்றுமே சொல்வது பழைய தீர்ப்பு போய்விட்டது என்பதை மட்டும்தான். ஆள் செய்யவில்லை என்பது தெளிவாகி, அதிகாரபூர்வமாகவும் அது ஏற்கப்பட்டால் ‘எக்ஸானரேட்டட்’. டிஎன்ஏ சோதனை வந்த பிறகுதான் இந்தச் சொல் நாள்தோறும் புழங்கும் சொல்லானது. 1992-இல் நியூயார்க்கில் பாரி ஷெக், பீட்டர் நியூஃபெல்ட் என்ற இரு வக்கீல்கள் தொடங்கிய இன்னசென்ஸ் ப்ராஜெக்ட் இப்படிப் பலரை வெளியே கொண்டுவந்தது. ‘இன்னசென்ட்’ என்ற சொல்லைத் தயங்காமல் எழுதத்தக்க இடம் இருக்கிறதென்றால் இதுதான்.

‘பார்டன்’ என்பதை இதோடு சேர்க்காதீர்கள். மன்னிப்பு என்றாலே மன்னிக்க ஏதோ இருந்தது என்று ஆகிறது. மன்னிப்பில் குற்றத்தின் சாயல் ஒட்டியிருக்கிறது, அதை ஏற்பது ஒப்புதல் போலாகும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1915-இலேயே சொல்லியிருக்கிறது. இங்கிலாந்தில் திமோத்தி எவன்ஸ் விஷயத்தைப் பாருங்கள். தன் கைக்குழந்தையைக் கொன்றதாக 1950-இல் தூக்கிலிடப்பட்டார். அதே லண்டன் வீட்டின் கீழ்த்தளத்தில் குடியிருந்த ஜான் கிறிஸ்டி தொடர் கொலைகாரர் என்பது மூன்று ஆண்டு கழித்துத் தெரிந்தது. எவன்ஸின் வழக்கில் அரசுத் தரப்பின் முக்கியமான சாட்சியே அந்தக் கிறிஸ்டிதான்! 1966-இல் எவன்ஸுக்கு அரச மன்னிப்பு வந்தது. ‘மன்னிப்பு வேண்டாம், தண்டனைத் தீர்ப்பையே ரத்து செய்யுங்கள்’ என்று குடும்பத்தார் பின்னும் போராடினார்கள். 2004-இல் உயர் நீதிமன்றம் அவர் கொலை செய்யவில்லை என்பதை ஏற்றுக்கொண்டது, ஆனால் ரத்துக்காக வழக்கைத் திரும்பத் திறக்க மறுத்துவிட்டது. ஆகவே எவன்ஸ் ஆங்கிலத்தில் ‘பார்டன்டு’, ஊரறிய ‘இன்னசென்ட்’, ஆனால் ‘அக்விட்டட்’ இல்லை, ‘கன்விக்‌ஷன் குவாஷ்டு’ம் இல்லை. கொஞ்சம் கொடுமையான இலக்கணம்தான்.

நாட் கில்டிக்கும் இன்னசென்டுக்கும் உள்ள இடைவெளி சில பேருக்குப் பணமாகவே இழப்பு. பிரிட்டனில் விக்டர் நீலன் 17 ஆண்டும், சாம் ஹாலம் 7 ஆண்டும் சிறையில் இருந்த பிறகு அவர்கள் தண்டனைகள் ரத்தாயின. இழப்பீடு கேட்டார்கள். 2014-இல் திருத்திய சட்டப்படி, புதிதாகத் தெரியவந்த உண்மை ‘இவர் அந்தக் குற்றத்தைச் செய்யவில்லை’ என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் காட்டவேண்டும். ரத்தானது மட்டும் போதாது. கிடைக்கவில்லை. பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் 2019-இலும், ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2024-இலும் அவர்களுக்கு எதிராகத்தான் சொல்லின. வுல்மிங்டன் எதையும் நிரூபிக்க வேண்டாம் என்று சொன்ன அதே நாட்டில், 17 ஆண்டு உள்ளே இருந்தவர் தான் செய்யவில்லை என்று நிரூபிக்கவேண்டியிருக்கிறது. எனக்கு இது சரியாகப் படவில்லை. கலிஃபோர்னியாவில் வழக்கில்லாமல் போனவரோ விடுதலையானவரோ ‘ஃபேக்சுவலி இன்னசென்ட்’ என்று அறிவிக்கும்படி நீதிமன்றத்தில் மனுப் போட்டுக் கேட்கலாம். கிடைத்தால் கைது ஆவணங்களையே அழித்துவிடுவார்கள். நீதிமன்றம் இன்னசென்ட் என்று வாய்திறந்து சொல்கிற அபூர்வமான இடங்களில் அது ஒன்று.

பிரிட்டனின் தபால் அலுவலக விவகாரத்தையும் இங்கே சொல்லவேண்டும். ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருளின் கோளாறால் பணம் கையாடியதாக நூற்றுக்கணக்கான கிளை அஞ்சலகப் பொறுப்பாளர்கள் தண்டிக்கப்பட்டார்கள். ஒவ்வொருவரும் தனித்தனியாக மேல்முறையீடு போகவேண்டிய நிலை இல்லாமல், 2024-இல் நாடாளுமன்றம் ஒரே சட்டத்தால் நூற்றுக்கணக்கான தண்டனைகளை ரத்து செய்தது. அங்கே ‘அக்விட்டட் பை தி கோர்ட்’ என்று எழுதினால் தவறு. ரத்து செய்தது நாடாளுமன்றம்.

நீதிமன்றம் வரைக்குமே போகாதவர்கள் இன்னொரு வகை. இவர்களைத்தான் ஆங்கிலம் அதிகமாகக் காயப்படுத்துகிறது, அதுவும் மரியாதையான சொற்களால். 1996 ஜூலை 27, அட்லாண்டா ஒலிம்பிக் பூங்கா. ரிச்சர்ட் ஜுவல் என்ற பாதுகாவலர் ஒரு பெஞ்சுக்கு அடியில் கிடந்த பையைப் பார்த்துச் சந்தேகப்பட்டு, போலீஸுக்குச் சொல்லி, சுற்றியிருந்தவர்களை நகர்த்தினார். குண்டு வெடித்தது, அவர் செய்த வேலையால் பலர் பிழைத்தார்கள். மூன்றே நாளில் எஃப்.பி.ஐ. சந்தேகிக்கும் ஆள் அவர்தான் என்று செய்தி கசிந்தது. மூன்று மாதத்துக்குக் கிட்டத்தட்ட அவர் வீட்டு வாசலில் கேமராக்கள். கடைசியில் அக்டோபர் 26-இல் அரசு வழக்கறிஞர் ஒரு கடிதம் கொடுத்தார். அதில் இருந்ததைத் தமிழில் சொன்னால், இவர் இப்போது விசாரணையின் இலக்காகக் கருதப்படவில்லை. அவ்வளவுதான். இன்னசென்ட் என்று இல்லை, தவறு எங்களுடையது என்றும் இல்லை. உண்மையில் குண்டு வைத்த எரிக் ருடால்ஃப் 2005-இல் குற்றத்தை ஒத்துக்கொண்டார்.

ஜுவலைப் பற்றி ‘அக்விட்டட்’ என்று எழுதினால் பெரிய தவறு. அவர் மேல் வழக்கே போடப்படவில்லை. ‘க்ளியர்டு’ என்று எழுதலாம், ‘நெவர் சார்ஜ்டு’ அதைவிட நல்லது. ‘க்ளியர்டு’ கொஞ்சம் வழுக்குகிற சொல். போலீஸ் ஆளை விட்டாலும் க்ளியர்டு, நீதிமன்றம் விட்டாலும் க்ளியர்டு, விசாரணைக் குழு அறிக்கையில் பேர் வராவிட்டாலும் க்ளியர்டு. அமெரிக்கப் போலீஸ் கணக்கில் ‘கேஸ் க்ளியர்டு’ என்றால் ஆளைப் பிடித்து வழக்கை முடித்துவிட்டார்கள் என்று அர்த்தம்! ஆகவே யார் க்ளியர் செய்தது என்பதைப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

‘பெர்சன் ஆஃப் இன்ட்ரஸ்ட்’ (விசாரிப்பவர்களின் கவனத்தில் உள்ள ஆள்) என்பதற்குச் சட்டத்தில் பொருளே கிடையாது. 2002-இல் ஆந்த்ராக்ஸ் என்ற நோய்க்கிருமியைக் கடிதங்களில் வைத்து அனுப்பிய வழக்கின் விசாரணையில் அமெரிக்க அட்டர்னி ஜெனரல் ஜான் ஆஷ்கிராஃப்ட், விஞ்ஞானி ஸ்டீவன் ஹாட்ஃபிலை அப்படித்தான் அழைத்தார். சஸ்பெக்ட் என்று சொல்லவில்லையே என்ற தைரியம். ஹாட்ஃபில் வழக்குப் போட்டார், 2008-இல் அரசு சுமார் 58 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. இங்கிலாந்தில் இதே வேலையை ‘ஹெல்பிங் போலீஸ் வித் தேர் என்கொயரிஸ்’ என்ற சொற்றொடர் செய்கிறது. ஏதோ அந்த ஆள் காலையில் எழுந்து, போலீஸ் பாவம், போய் உதவுவோம் என்று கிளம்பியது போல.

‘சஸ்பெக்ட்’ நல்ல சொல்தான், பேர் தெரிந்த ஒருவர் மேல் சந்தேகம் இருந்தால். அமெரிக்கப் போலீஸ் அறிக்கைகளில் ‘தி சஸ்பெக்ட் என்டர்டு தி பேங்க் அண்ட் ஃபயர்டு’ என்று எழுதுகிறார்கள் பாருங்கள், அது தப்பு. வங்கிக்குள் நுழைந்து சுட்டவன் கொள்ளையன், அதில் சந்தேகமில்லை. யார் அந்தக் கொள்ளையன் என்பதில்தான் சந்தேகம். இந்தப் பழக்கத்தால் என்ன ஆகிறது என்றால், நாளை ஒருவரைப் பிடித்து ‘சஸ்பெக்ட் அரெஸ்டட்’ என்று போடும்போது சுட்டவனும் பிடிபட்டவரும் வாசகர் மனதில் ஒரே ஆளாகிவிடுகிறார்கள். ‘அலெஜ்டு’ என்பதையும் நம்பி இருக்காதீர்கள். ‘அலெஜ்டு தீஃப்’ என்றால் முன்னால் ஒரு துணியைப் போர்த்திவிட்டுத் திருடன் என்று கூப்பிடுவதுதான். ‘சார்ஜ்டு வித் தெஃப்ட்’ என்று எழுதினால் நடந்ததை மட்டும் சொன்னதாகும்.

பேச்சு வழக்குச் சொற்கள் இரண்டு மூன்றைத் தொட்டுவிட்டுப் போகிறேன். ‘காட் ஆஃப்’ என்றால் செய்துவிட்டுத் தப்பினார் என்ற தொனி, செய்தியில் வேண்டாம். ‘காட் ஆஃப் ஆன் எ டெக்னிகாலிட்டி’ அதைவிட மோசம். பல நேரம் அந்த டெக்னிகாலிட்டி என்பது அடித்து வாங்கிய வாக்குமூலத்தை நீதிமன்றம் ஒதுக்கியதாக இருக்கும். ‘இன்னசென்ட் விக்டிம்’ பரிதாபத்தில் எழுதுவது, ஆனால் மற்ற விக்டிம்கள் இன்னசென்ட் இல்லையோ என்று கேட்க வைக்கும். ‘விக்டிம்’ மட்டும் போதும். அப்புறம், நாம் ‘அவ ரொம்ப இன்னசென்ட்’ என்று வெகுளித்தனத்துக்குச் சொல்கிறோமே, அந்தப் பொருளும் ஆங்கிலத்தில் அசலாகவே உண்டு. நீதிமன்றச் செய்தியில் அந்தச் சொல் நெருடுவதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

நம்மூர் ஆங்கிலத்துக்கு வருவோம். ‘க்ளீன் சிட்’ இந்தியாவில் பிறந்த சொற்றொடர், லண்டன் வாசகர் முழிப்பார். இங்கே எழுதுவதில் தவறில்லை, ஆனால் சி.பி.ஐ. வழக்கை மூடினாலும் க்ளீன் சிட், அமைச்சர் சட்டசபையில் பாராட்டினாலும் க்ளீன் சிட் என்று ஆகிவிட்டதால் அதில் தகவல் எதுவும் மிச்சமில்லை. ‘டிஸ்சார்ஜ்டு’ என்றால் விசாரணை தொடங்கும் முன்பே, வழக்கு நடத்த முகாந்திரம் இல்லை என்று விடுவித்தது. ‘அக்விட்டட்’ விசாரணை முடிந்த பிறகு. இரண்டையும் கலக்கக் கூடாது.

‘ஆனரபிள் அக்விட்டல்’ என்பதும் நம்முடையதுதான். அரசு ஊழியர் ஒருவர் வழக்கில் விடுதலையானால் வேலை திரும்பக் கிடைக்குமா என்ற கேள்வியில் இது அடிபடும். குற்றாலம் சீசன் பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ்காரர் ஒருவர், குடித்துவிட்டுத் தென்காசி பேருந்து நிலையத்தில் கணவரோடு நின்ற பெண்ணிடம் தகாத முறையில் நடந்துகொண்டதாக வழக்கு. சாட்சிகள் பிறழ்ந்தார்கள், விடுதலை. ஆனால் துறை விசாரணையில் வேலை போனது. உயர் நீதிமன்றம் வேலையைத் திருப்பிக் கொடுத்தது, உச்ச நீதிமன்றம் 2012-இல் அதை மாற்றி, பணிநீக்கம் சரி என்றது. ‘ஆனரபிள் அக்விட்டல்’, ‘ஃபுல்லி எக்ஸானரேட்டட்’ போன்ற சொற்கள் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே இல்லை, நீதிமன்றங்கள் உண்டாக்கியவை என்று அப்போது தெளிவாகச் சொன்னது. சாட்சியத்தை முழுதாக ஆராய்ந்த பிறகு அரசுத் தரப்பு அடியோடு தோற்றிருந்தால்தான் அப்படிச் சொல்லலாம். சாட்சி பிறழ்ந்ததாலோ, சந்தேகத்தின் பலனைக் கொடுத்ததாலோ வந்த விடுதலை அந்த வகையில் சேராது. ஆக, தீர்ப்பில் அந்தச் சொல் இருந்தால் மட்டும் எழுதுங்கள், வக்கீல் வாசலில் பேட்டி கொடுத்தார் என்பதற்காக எழுதாதீர்கள்.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும்போது கவனிக்கவேண்டியவை இரண்டு. நம் செய்திகளில் கைதான அன்றே ‘குற்றவாளி கைது’ என்று வந்துவிடுகிறது. அதை ‘கல்ப்ரிட்’ என்றோ ‘க்ரிமினல்’ என்றோ மாற்றாமல் ‘அக்யூஸ்டு’ என்று மாற்றுங்கள். ‘விடுதலை’ அதைவிடச் சிக்கல். பேரறிவாளனை 2022 மே 18-இல் உச்ச நீதிமன்றம் அரசியல் சாசனத்தின் 142-ஆவது பிரிவின் கீழ் விடுவித்தபோது தமிழில் எல்லோரும் ‘விடுதலை’ என்றுதான் எழுதினோம், அது சரியும்கூட. ஆனால் அது சிறையிலிருந்து விடுதலை, தண்டனைத் தீர்ப்பு அப்படியே இருந்தது. ஆங்கிலத்தில் ‘ரிலீஸ்டு’தான், ‘அக்விட்டட்’ என்று போட்டால் நடக்காத ஒரு தீர்ப்பை எழுதியதாக ஆகும்.

கடைசியாக ஒன்று: ‘அக்விட்டட்’ என்று எழுதும்போது எந்த நீதிமன்றம், எந்தத் தேதி என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அமெரிக்காவில் ஜூரி விடுவித்துவிட்டால் அரசு பெரும்பாலும் திரும்பத் தொட முடியாது. இந்தியாவில் விடுதலையை எதிர்த்து அரசு மேல்முறையீடு செய்யலாம், அடிக்கடி செய்கிறது. இங்கிலாந்திலும் 2003-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, கடுமையான குற்றங்களில் புதிய வலுவான ஆதாரம் வந்தால் மறுவிசாரணை உண்டு. ஸ்டீபன் லாரன்ஸ் கொலையில் 1996-இல் அக்விட்டட் ஆன கேரி டாப்சனின் விடுதலையை 2011-இல் நீதிமன்றம் குவாஷ் செய்தது, 2012 ஜனவரியில் அவர் கன்விக்டட், அதாவது குற்றவாளி என்று தீர்ப்பானது. 1996-க்கும் 2011-க்கும் நடுவில் அவரைப் பற்றி ‘அக்விட்டட் இன் 1996’ என்று எழுதிய தாள்கள் எதையும் திருத்த வேண்டியிருக்கவில்லை.